சித்தப்பாவுக்கு நான் இருந்த காவல்

எங்கள் ஊர்க் கபடிக் குழு பத்து வருஷம் இருந்தது. அந்தப் பத்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஒரு பெண்பிள்ளையை நம்பிப் பொறுப்பு கொடுத்தார்கள். அது நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள்தான். ஆனால் இன்றைக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் வியாபாரத்தில் என் பெயரைச் சொன்னால் லாரிக்காரர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய மூட்டையை நான் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இறக்கும்போது தொப்பென்று விழுகிற சத்தமே எனக்குப் போதும்.

குழுவை ஆரம்பித்தவர் அப்பா. முதல் வருஷம் எல்லோருடைய பனியனையும் ஒரே அண்டாவில் போட்டு நீலச் சாயம் ஏற்றியதில் ஆளுக்கொரு நீலம் வந்தது. ஆடி வேர்த்தால் எதிர் ஊர்க்காரன் உடம்பிலும் எங்கள் நீலம். பிறகு ஜெயிக்க ஆரம்பித்தோம். பரிசாக வந்த பித்தளைக் குடங்களில்தான் எங்கள் தெருவே தண்ணீர் பிடித்தது. கடைசியில் பாதிப் பேர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட, ஏழு பேர் தேறாமல் குழு நின்றுபோனது. நான் சொல்வது நடுவில் ஒரு வருஷம்.

அதற்கு முந்தின வருஷ இறுதி ஆட்டத்தில் சித்தப்பா ஒரு காரியம் செய்திருந்தார். பாடி வந்த எதிரணித் தலைவரைக் காலைப் பிடித்துக் கவிழ்த்து, முதுகில் ஏறி உட்கார்ந்து, தலைமுடியைக் கோதிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, என் அத்தையின் புருஷன். மறுநாளிலிருந்து அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாமா அனுப்பவில்லை. தீபாவளி போனது, பொங்கல் போனது. சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அத்தை. பொங்கலன்று சித்தப்பா இலையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்ததை நான் பார்த்தேன்.

மாசியில் அறுவடை முடிந்த வயலில் மறுபடி போட்டி. மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி மாமாவின் ஊர். வளையல் விற்க வந்தவரிடம் அத்தை சொல்லியனுப்பியிருந்தாள்: "இந்தத் தடவையும் என் தம்பி அவரை அசிங்கப்படுத்துனா, நான் செத்தாத்தான் அங்கேருந்து ஆள் வரணும்." ஊரே ஜெயிக்கக் காத்திருக்கும்போது எங்கள் குழுத் தலைவரான அப்பா தன் தம்பியை உட்கார வைக்க முடியுமா?

அது எடைப் போட்டி. ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட முடியாது. சித்தப்பா அந்தக் கோட்டிலேயே நிற்கிற உடம்பு, ஆட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே பட்டினி கிடப்பார். ஆட்டத்தன்று காலையில் அப்பா எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"சித்தப்பா வாயில ஒரு பருக்கை போகக்கூடாது. நீதான் காவல்."

"இந்தப் பொடுசா?" என்றார் ஒரு பெரியவர்.

"இதுக்கு இருக்கிற கண்ணு உங்க யாருக்கும் இல்ல" என்றார் அப்பா.

எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்குள்ளே, கடைத்தெருவிலே, சித்தப்பா போன இடமெல்லாம் ஒட்டிக்கொண்டே போனேன். யாரோ நீட்டிய வேர்க்கடலையைத் தட்டிவிட்டேன். மத்தியானம் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனார். தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"மூச்சுப் பழகப் போறேன். நீ எண்ணு பாப்பா" என்று தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தினார். எனக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். முடிந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து மூச்சு வாங்குவார், திரும்ப முங்குவார். எழுந்தபோது வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. எவ்வளவு காற்றைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று அசந்துபோனேன்.

நேரே ரைஸ்மில்லுக்குப் போனோம். நெல் நிறுக்கிற தராசில்தான் ஆட்களையும் நிறுப்பார்கள். சித்தப்பா ஏறி நின்றார். ஒன்றரை கிலோ கூட.

"தராசு சரியில்லண்ணே" என்றார் சித்தப்பா.

"தராசு ஏன்டா பொய் சொல்லும்? எந்த வீட்டுச் சோறு, அதச் சொல்லு" என்றார் மில்காரர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நல்லாப் போட்டீங்க காவல்!" என்றது ஒரு குரல்.

"மாரியாத்தா சத்தியமா ஒரு பருக்கை போகல!" என்று கத்தினேன். அதில் பொய் இல்லை.

"எம் பொண்ணு பொய் சொல்லாது. ஆனா எடைன்னா எடைதான்" என்று அப்பா சித்தப்பாவை ஒதுக்கிவிட்டு வேறொரு பையனைச் சேர்த்தார். சித்தப்பா வேலிக்குப் பின்னால் ஓடினார். வெகுநேரம் வரவில்லை. பாவம், அவமானம் தாங்காமல் ஒளிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

கொஞ்சப் புள்ளியில் தோற்றோம். மாமாவை அவர் ஊர்க்காரர்கள் தோளில் தூக்கி வயலைச் சுற்றினார்கள். இறங்கியவர் உடம்பெல்லாம் மண்ணோடு நேரே எங்களிடம் வந்தார். அப்பாவைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற பந்தல் காலைப் பார்த்துப் பேசினார்.

"பொங்கலுக்குத்தான் வர முடியல மச்சான். நாளைக்கு அவளக் கூட்டிட்டு வரேன். பத்து நாள் இருக்கட்டும்."

"வாங்க மாப்ள" என்றார் அப்பா. சித்தப்பா ஓடிப்போய் மாமாவுக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். தோற்கடித்தவனுக்குச் சோடாவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு திரும்பும்போது நான் அழுதேன். ஊர் முன்னால் என் மானம் போய்விட்டதே. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டே ஆயி. ஒரு பருக்கை போகல."

"அப்புறம் எப்படிப்பா எடை ஏறுச்சு?"

அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஏழு வருஷம் கட்டிக் காத்த குழு தோற்றுவிட்டதே, அழுகிறார் என்று எனக்கு அழுகை நின்றுபோனது. குனிந்து, பாவாடை நுனியால் அவர் முகத்தைத் துடைத்தேன். கன்னம் காய்ந்திருந்தது.

"அழாதீங்கப்பா" என்றேன். தோள் இன்னும் பலமாகக் குலுங்கியது. விழுந்துவிடாமல் அவர் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.