கடைசி அரைமணி நேரம்

நவம்பர் கடைசி ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல், இன்னாசிமுத்து ஒரு முழுத்தாளை எடுத்து நத்தாரை, அதாவது கிறிஸ்துமஸை, திட்டமிடத் தொடங்கிவிடுவார். மரக்கிளை எந்த மூலையில், சேவலை அறுப்பது யார், மெழுகுதிரியை எத்தனை மணிக்கு ஏற்றுவது. மாவு கிடைக்காத இந்த ஆண்டிலும் கேக் கட்டாயம். மரவள்ளியில் செய்தாலும் சரி. ஏன் என்று யாராவது கேட்டால் பதில் ஒன்றுதான்: "படத்துல இப்பிடித்தான்."

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர், தலைமை எழுத்தர். என் அக்காவின் கணவர். இளவயதில் பதுளைத் தியேட்டரில் பார்த்த ஓர் இங்கிலீஷ் படம் அவருக்கு வேதம். பனி விழும் ஊர். கண்டிப்பான ஒரு தகப்பன். நத்தார் அன்று மேசையைச் சுற்றி மனைவியையும் பிள்ளைகளையும் நிறுத்தி, அந்த வருடம் செய்த குற்றங்களை ஒவ்வொருவராகச் சொல்லவைக்கிறான். அத்தான் அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். பனிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரிப் பஞ்சு. வெளியே மூடுபனி அடைத்துக்கொண்டு நிற்கும்போது சன்னல் கண்ணாடியில் பஞ்சு ஒட்டுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குற்றம் சொல்லும் கட்டத்துக்கு மட்டும் எதுவும் இரவல் வாங்கவேண்டியிருக்கவில்லை. வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லி நிறுத்துகிற அதே குரலில் கூப்பிடுவார். எல்லோரும் நிற்க, தாம் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

இதில் ஒரு கூத்து. அந்தப் படத்தை அவர் முழுதாகப் பார்த்ததே இல்லை. மாலை மெயிலைப் பிடிக்கக் கடைசி அரைமணி நேரத்தை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடியவர் அவர். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்: "நமக்கு டைம்னா டைம், தம்பி. எப்பிடியும் நல்லாத்தான் முடிஞ்சிருக்கும்."

கண்டியில் படித்த காலத்தில் நான் முழுப்படத்தையும் பார்த்தேன். கடைசியில் அந்தத் தகப்பன் எழுந்து, மனைவிக்கு முன்னால் போய் நின்று, மன்னிப்புக் கேட்கிறான். அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நீ சொல்லிறாத. சொன்னா நம்பவா போறாரு? அந்தப் படம் திரும்ப வரட்டும். ஒரே ஒரு தடவ கடேசி வரைக்கும் ஒக்கார வெச்சுப் பாத்துரணும்."

போன நத்தாருக்கு அக்கா சொன்ன குற்றம் இது: "காய்ச்சல்ல ரெண்டு மாசம் படுத்துட்டேன்." அத்தான் தலையசைத்தார். "அடுத்த வருசம் கவனமா இருக்கணும்."

இந்தச் செப்டம்பரில் அவளை அடக்கம் செய்தோம்.

நவம்பரில் வழக்கம்போல் தாள் வெளியே வந்தது. மூத்தவள் செசீலியாவுக்குப் பத்தொன்பது வயது. அவளைக் கூப்பிட்டார். "அம்மா எடத்துல இனி நீதான். ஒன்னோடத சொல்லிட்டு, அம்மாவோடதும் ரெண்டு வார்த்த சொல்லிரு. வழக்கம் விட்டுப்போகக் கூடாது."

"அம்மா என்ன குத்தம்ப்பா செஞ்சாங்க?"

"யோசிச்சா வரும்."

டிசம்பர் நடுவில் அப்புத்தளைக் கடைக்காரர் லத்தீப் செய்தி கொண்டுவந்தார். புதுப் படங்கள் வராமல், தியேட்டர்காரர்கள் பழையதைத் தூசி தட்டி ஓட்டுகிற காலம் இது. "கிளாக்கர் ஐயா, ஒங்கட படம் பதுளைக்கு வந்திருக்கு! நோட்டீஸ் ஒட்டியிருக்கான். சனிக்கெழம நம்மட வேன் போகுது, எல்லாரும் ஏறுங்க."

அக்காவுக்கு மூன்று மாதம் பிந்தி வந்திருந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கு என்றால் என்னவென்று நேரிலேயே காட்டிவிடலாம் அல்லவா? என்னையும் ஏற்றிக்கொண்டார்.

பிற்பகல் காட்சி. குற்றம் சொல்லும் கட்டம் வந்ததும் முழங்கையால் என்னை இடித்தார். "பாத்தியா, மெழுகுதிரி எடது பக்கம். நான் சொல்லல?" கட்டம் முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போதும், எந்திரிங்க. மெயில் போயிரும்."

"லத்தீப் நானாவோட வேன்லதானேப்பா வந்தோம்." செசீலியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "படம் முடிஞ்சுதான் அவரு வருவாரு. நான் சொல்லிட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "ஐயா, ஒங்க கோட்டப் பாக்கவா நாங்க டிக்கட் எடுத்தோம்?"

அத்தான் உட்கார்ந்தார். திரையில் அந்தத் தகப்பனின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. என்ன வரப்போகிறது என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். மருந்துக் கரண்டியைக் கண்ட பிள்ளையைப்போல் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

செசீலியா திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் சாய்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, காதோரம் மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.

"இப்ப எந்திரிச்சிட்டாருப்பா. மேசையச் சுத்தி வர்றாரு. அவங்க முன்னால வந்து நின்னுட்டாரு..."