மேகலா சொல்லாத வாக்கியம்

ஓசூரில் யாரும் ஒரு மொழியைச் சும்மா கற்பதில்லை. வீட்டு ஓனரிடம் பேசத் தெலுங்கு வேண்டும், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம், கம்பெனிக்குள் இந்தி, இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ். அதனால் மேகலா பெங்களூரில் ஸ்பானிஷ் படிக்கிறாள் என்று தெரிந்தபோது எங்கள் லைன் வீடுகளில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எந்தக் கம்பெனிக்கு என்று மட்டும் கேட்டார்கள். கதை படிக்க என்று அவள் சொன்னதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தார்கள்.

அவள் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. அப்பா பரமசிவம் சிங்காரப்பேட்டையிலிருந்து வந்து சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கிறார். அம்மா ராசாத்திக்குத் தமிழ் மட்டும்தான் வரும். ஓனர் நாராயணம்மா வாசலில் நின்று தெலுங்கில் சத்தம் போட்டால் மேகலாவை நடுவில் நிறுத்துவார்கள்.

"தண்ணிய இப்படி ஊத்துறியே, உங்க ஊர்ல ஆறா ஓடுதுன்னு கேக்கறாங்கம்மா."

"ஆமா, ஓடுது. வந்து ரெண்டு கொடம் மோந்துக்கச் சொல்லு."

இதைத் தெலுங்கில் சொன்னால் ஓனர் முறைப்பது மேகலாவை. சொல்லாமல் விட்டால் முதுகில் ஒன்று விழும், அதுவும் மேகலாவுக்கு. பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "லெட்டர்ல கெட்ட சேதி இருந்தா போஸ்ட்மேனையா அடிப்பாங்க?" கொஞ்சம் வளர்ந்ததும் தெரு முழுக்க அவளைக் கூப்பிட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு, ஸ்டேஷனுக்கு, பீகார் பையன்களோடு சண்டைக்கு. ஐந்து மொழியில் மற்றவர்களுக்காகப் பேசினாள். தனக்காகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

அவள் கல்லூரியில் மூன்று வருடத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நான்காவது வருடமும் இருந்து ஆய்வேடு எழுதினால் ஆனர்ஸ். மேகலா ஆய்வேட்டுக்குத் தலைப்பே எடுத்துவிட்டாள். பெரு நாட்டு மலைப்பகுதியில் பண்ணையாருக்கும் கூலிக்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் வேலைக்காரிகளைப் பற்றிய சிறுகதைகள்தான் தலைப்பு. அந்தப் பெண்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள், ஆனால் தன்னுடையது என்று ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை. அதைப் பணிவு என்றே இதுவரை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேகலா ஒத்துக்கொள்ளவில்லை. "பணிவு இல்ல, கடுப்பு. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

மூன்றாவது வருடம் முடியப்போகும் அந்த ஏப்ரலில் பரமசிவம் மாமாவின் கம்பெனிக்கு ஸ்பெயினிலிருந்து வந்திருந்த பிரஸ் மிஷின் நின்றுபோனது. அதே கம்பெனியின் ஆபீஸில்தான் எனக்கு வேலை. அங்கிருந்து மிஷினைப் பார்க்க வந்த ஆளுக்கு இங்கிலீஷ் சரியாக வரவில்லை. மேனேஜர் முத்துக்குமார் மாமாவைக் கூப்பிட்டு, மகளை அழைத்து வரச் சொன்னார். ஜூனிலிருந்து வேலையும் போட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். மாமா அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். வேலை கிடைத்தால் நான்காவது வருடம் எதற்கு என்பது வீட்டில் முடிவாகிவிட்டது. மேகலாவை யாரும் கேட்கவில்லை.

வந்தாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு மிஷின் பக்கத்தில் நின்றாள். காலை முழுவதும் நன்றாகத்தான் போனது. ஸ்பெயின்காரர் சொல்வதைத் தமிழில் சொன்னாள், நம் ஆட்கள் கேட்பதை அவருக்குச் சொன்னாள். பேப்பரில் கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன். மூடியைத் திறந்து, எண்ணெய் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் சீல் ஒன்றை வெளியே எடுத்தார் அவர். மாமா போட்ட சீல். அதை மாமாவின் முகத்துக்கு நேரே ஆட்டிக்காட்டி ஏதோ சொன்னார். பிறகு மேகலாவைப் பார்த்து, சொல் என்பதுபோல் கையைக் காட்டினார்.

மேகலா மாமாவின் பக்கம் திரும்பவில்லை. ஸ்பெயின்காரரிடமே ஸ்பானிஷில் இரண்டு மூன்று வாக்கியம் பேசினாள், குரலை உயர்த்தாமல். அந்த ஆள் சிவந்துபோனார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் மேனேஜர்.

"எங்கிட்டதான் சார் சொன்னாரு. பதில் சொல்லிட்டேன்."

"டிரான்ஸ்லேட்டர்னா சொன்னத அப்படியே சொல்லணும்மா. உன் இஷ்டத்துக்குப் பேச முடியாது."

"தெரியும் சார். இந்த வேலைய சின்ன வயசிலருந்து பாத்துட்டேன். ஜூன்ல நான் காலேஜுக்குப் போறேன்."

ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

சாயந்திரம் அவர்கள் வீட்டுச் சண்டை எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"அவன் என்னதான் சொன்னான்?"

"உங்களப் பத்திதான்ப்பா. என் வாயால சொல்ல மாட்டேன்."

"நான் என்ன பச்சப் புள்ளயா? திட்டுனது அவன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. ஆர்டர் போட்டும் அவங்க சீல் அனுப்பல, அதான் லோக்கல்ல வாங்கிப் போட்டேன்னு அவன்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லல, நானா சொன்னேன்."

 பிறகு ராசாத்தி அத்தை, "கதை படிச்சு என்னடி பண்ணப் போற?" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்லம்மா. படிக்கப் போறேன்."

ஜூனில் அவள் போனாள். மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அந்த வருடம் முழுவதும் அவளிடம் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேசவும் இல்லை. இடையில் கம்பெனி மறுபடி ஆள் கேட்டபோது, "அவளுக்குப் படிப்பு இருக்கு" என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

ஆய்வேட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும் நாளில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். முதல் அத்தியாயத்தில் லைன் வீட்டையும் நாராயணம்மாவையும் எழுதியிருந்தாள். அதை எடுத்துவிடு என்று கல்லூரியில் முன்பே சொல்லியிருக்கிறார்கள், அவள் எடுக்கவில்லை. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தார். இது இலக்கிய ஆய்வா, சொந்தக் கதையா என்று இங்கிலீஷில் கேட்டார். இந்த ஸ்பானிஷால் உன் ஊருக்கு என்ன பயன் என்றும் கேட்டார்.

மேகலா ஸ்பானிஷில் பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் பார்த்து, கூடத்தில் எல்லோரும் இருக்க, அதையே தமிழிலும் சொன்னாள்: "ஊருக்குப் பயன்படறத நெறய பண்ணிட்டேன். இது எனக்கு."

ஆனர்ஸ் கிடைத்தது, மதிப்பெண் குறைவு. அவள் வகுப்பில் அதுதான் கடைசி. படியில் நின்று மாமாவுக்குப் போன் போட்டாள். அவர் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பாஸா?"

"பாஸ்ப்பா. மார்க் கொறச்சிட்டாங்க. அந்த மொத பாகத்த எடுக்கச் சொன்னாங்க, நான் எடுக்கல."

"எடுக்காதே. கொறச்சா கொறச்சிட்டுப் போறாங்க" என்றார். "ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. வையி."