ஞ எழுதிப் பார்த்த முள்

இன்று காலை என் நண்பன் பாண்டியின் மகள் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. திறந்ததும் நாதஸ்வரம் ஊதியது. பிள்ளையார் காதை ஆட்டினார். தாமரை ஒன்று விரிந்து, அதற்குள்ளிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து வந்தார்கள். எல்லாம் இருந்தது, என் பெயர் மட்டும் இல்லை. 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தான். அந்த அனைவரில் நானும் ஒருவன்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பத்திரிகையில் தன் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்வது ஐம்பதைத் தாண்டியவனுக்கு மிஞ்சியிருக்கும் அற்ப சந்தோஷங்களில் ஒன்று.

உடனே எழுந்துபோய் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு பேனாவை எடுத்து வாஷ்பேசினில் கழுவ ஆரம்பித்தேன். பத்திரிகைக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் இட்லி ஆறிவிடும் என்பதால் சொல்லவில்லை. உங்களுக்கு அப்படி அவசரம் ஒன்றும் இல்லையென்றால் சொல்கிறேன்.

காய்ந்த மை தண்ணீரில் கரையும்போது ஒரு வாசனை வரும். பலருக்கு அது பள்ளிக்கூடத்து வாசனை. எனக்கு அலுவலக வாசனை. நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியது மதுரையில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில். மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் அறை. ஒரு மேசையில் நான், எதிர் மேசையில் என் வயதுக்காரனான பாண்டி, ஜன்னலோரம் எங்களுக்கு மூத்தவரான சாந்தாராம் அண்ணன்.

அண்ணனுக்கு வில்லாபுரம். சௌராஷ்டிரக் குடும்பம். அவர் அப்பா காலம் வரை வீட்டில் தறி ஓடியது. வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வெளியே எங்கள் பாஷை, சான்றிதழில் ஆங்கிலம். எந்த பாஷையில் எழுதினாலும் ஒரே எழுத்துத்தான்: பெரிதாக, உருண்டையாக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போல. ஆண்டுவிழாவில் கொடுக்கிற பரிசுச் சான்றிதழ்களில் பெயர் எழுதுவது அவர் பொறுப்பு. இது அலுவலக வேலை. தெரு வேலை ஒன்றும் அவருக்கு இருந்தது. அவர் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகைக் கவர்களில் அழைக்கப்படுகிறவர்களின் பெயரை எழுதுவது அவர்தான். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் கறுப்பு மையில் உங்கள் பெயர். "வாங்குனவன் கவரைக் கிழிக்க யோசிக்கணும்ப்பா" என்பார். யோசித்தார்கள். கிழிக்காமல் ஓரமாகப் பிரித்துப் பத்திரிகையை எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னையும் அவரையும் சேர்த்து வைத்தது நிப்புப் பைத்தியம். என் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது வைகைத் தண்ணீர் மாதிரி, வந்தாலும் கலங்கித்தான் வரும். ஆனால் நிப்புகளைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. அடுப்படிப் பக்கம் போகாதவன்தானே சாம்பாருக்கு உப்புச் சொல்கிறான்.

ஜெர்மன் நிப்பு கண்டிப்பான ஹெட்மாஸ்டர். அழுத்தினாலும் வளையாது, கெஞ்சினாலும் வளையாது. எல்லாக் கோடும் ஒரே கனம். ஜப்பான் நிப்பு கூச்ச சுபாவம், சன்னமான கோடு. அவர்கள் நடுத்தரம் என்று முத்திரை குத்தியதை ஜெர்மன்காரன் சன்னம் என்பான். சாத்தூர் நிப்பு நம் சொந்தக்காரன். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. கைநிறைய அள்ளினால் முக்கால்வாசி ஆணி. ஏதோ ஒன்று தேன். அது எதுவென்று செய்தவருக்கே தெரியாது. நிப்பின் நுனி முள்ளுக்கு நடுவே உள்ள இடுக்கில் பிளேடை விட்டு அகட்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, நாமே பழக்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மன் நிப்பை வாங்கினால் எழுதலாம், சாத்தூர் நிப்பை வாங்கினால் வளர்க்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். அண்ணன் ரசித்துச் சிரித்தார். பாண்டி, "நாய்க்குட்டி வாங்குனாலும் வளக்கலாம், காவலாச்சும் காக்கும்" என்றான்.

பாண்டி பால்பாயின்ட் கட்சி. "அண்ணே, நீங்க நிப்புப் பாக்குற நேரத்துல நான் ரெண்டு ஊருல பொண்ணுப் பாத்துட்டு வந்துருவேன்" என்பான்.

"அந்த வேகத்துல பாத்தா எங்கிட்டு அமையும்?" என்பார் அண்ணன், தலையை நிமிர்த்தாமலே.

எந்த நிப்பையும் அண்ணன் 'ஞ' எழுதித்தான் சோதிப்பார். பிள்ளையார் சுழிக்கு எல்லா நிப்பும் யோக்கியமாக நடந்துகொள்ளும், அதை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. ஞ எழுதும்போது முள் ஏறும், இறங்கும், சுழியும், திரும்பும். பல்லிளிக்கிற நிப்பாக இருந்தால் எங்காவது ஒரு வளைவில் இளித்துவிடும். எழுதி முடித்ததும் காகிதத்தைத்தான் என்னிடம் நீட்டுவார், பேனாவை நீட்ட மாட்டார். முள் எழுதுகிறவனின் சாய்வுக்குத் தேய்ந்து பழகுவது, அடுத்தவன் கை பட்டால் பழக்கம் கெடும் என்பது எங்கள் மதம். வண்டியை இரவல் கொடுத்தாலும் கொடுப்போம், பேனாவைக் கொடுக்க மாட்டோம். ஆகவே அவர் பேனாவில் அவர் எழுதிக் காட்டுவார், என் பேனாவில் நான் எழுதிக் காட்டுவேன். காலையில் வந்ததும் வணக்கம் கிடையாது. "எப்பிடி ஓடுது?" என்பார். "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலண்ணே" என்பேன். பார்க்கிறவர்கள் என் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள்.

அவர் மகள் ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் அலுவலகத்துக்கே கல்கண்டு கொண்டுவந்து கொடுத்தார். "இம்புட்டு நாளா ஊருக்கு எழுதுனேன். எம்பொண்ணு கல்யாணத்துக்கு எழுதப்போறதுதாம்ப்பா எழுத்து" என்றார். தெருவும் அந்தக் கவருக்காகத்தான் காத்திருந்தது. பெண்ணின் அப்பா கைப்பட எழுதுவது எல்லா வீட்டிலும் உள்ள ஆசைதான். இவர் விஷயத்தில் அது மானப் பிரச்சினை மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டுவிழாச் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுக் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன சாந்தாராம், பேர் எறும்பு மாதிரி இருக்கு?" என்று கேட்டாராம். அண்ணன் திரும்பிவந்து பேனாவை வெளிச்சத்தில் பிடித்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய்ச் சான்றிதழைப் பார்த்தேன். முதல் எழுத்து பழைய அண்ணன் எழுத்துத்தான். போகப் போக, டவுன் பஸ்ஸில் நெருக்கப்பட்டவனைப் போல எழுத்துகள் தோளை ஒடுக்கிக்கொண்டிருந்தன. அப்போது அவர் ஜப்பான் நிப்பில் எழுதிக்கொண்டிருந்தார், அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. நான் நிபுணன் அல்லவா, உடனே தீர்ப்புச் சொன்னேன்: "ஜப்பான் நிப்புல்லண்ணே. சன்னமாத்தான் வரும். கையும் அதுக்கேத்த மாதிரி சின்னதா எழுதிருது."

அண்ணன் முகம் தெளிந்தது. "அதாம்ப்பா" என்றார்.

ஜெர்மன் நிப்புக்கு மாறினார், அதிலும் பட்டையான முள். எழுத்து பெரிதாகவில்லை. கோடு மட்டும் தடித்தது. ஞ-வின் சுழிக்குள் மை நிரம்பிக் கண் மூடிக்கொண்டது. மை அதிகமாக இறங்குகிறது என்று முள்ளுக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையை மாற்றினோம். மையை மாற்றினோம். காகிதத்தின் மேல் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினோம். அவர் சட்டைப் பொத்தான் போட அதிக நேரம் எடுத்துக்கொண்டதையும் பேச்சு முணுமுணுப்பாக இறங்கியதையும் நாங்கள் பார்க்காமல் இல்லை. கல்யாணக் கவலை என்று நினைத்தோம். எங்கள் அறிவெல்லாம் முள்ளின் நுனியில் குவிந்திருந்தது.

கடைசியாக, சாத்தூருக்கே போய் அள்ளிக்கொண்டு வந்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ் ஏறினோம். பாண்டி காராச்சேவுக்காக வந்தான். திருமங்கலம் தாண்டியதும் கரிசல் காடு. நிப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது அவர் எனக்கு முன்னால் நடந்துபோனார். இடது கை வீசியது. வலது கை வீசவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டு போனது. நிப்புப் பொட்டலத்தை எவ்வளவு பத்திரமாகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பொட்டலம் அவர் சட்டைப் பையில் இருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலமே வில்லாபுரம் வீட்டில் சோதனை. தரையில் செய்தித்தாள் விரித்து, நிப்புகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக மாட்டி அண்ணன் ஞ எழுதினார். நான் ஒரு நிப்பைப் புகழ்ந்தேன். பாண்டி வேண்டுமென்றே இன்னொன்றைப் புகழ்ந்தான்.

"பால்பாயின்ட்டுக்காரனுக்கு இதுல என்னடா பேச்சு?" என்றேன்.

"ஏன், கண்ணு இருக்குல்ல மாப்ள? நீ சொல்றது கிறுக்குது, இது வழுக்குது. அண்ணே, நீங்க சொல்லுங்க."

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, காபி கொண்டுவந்து அவர் கையில் டம்ளரைக் கொடுத்தார்கள். டம்ளர் ஆடியது. காபி ததும்பிக் காகிதத்தில் கொட்டி, எழுதி வைத்த ஞ எல்லாம் கரைந்து நீலமாக ஓடியது. நாங்கள் பதறிப்போய் நிப்புகளைக் காப்பாற்றினோம். ஆமாம், நிப்புகளைத்தான்.

மதினி நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "டம்ளரும்தான் ஆடுது. அதுக்கு எந்த ஊரு நிப்பு மாத்தப் போறீங்க?"

பாண்டிதான் முதலில் எழுந்தான். "அண்ணே, நாளைக்கு லீவு போடுங்க. நான் வாரேன்" என்றான்.

நரம்பு டாக்டர் நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தைத் தள்ளி, ஏதாவது ஒரு வரி எழுதச் சொன்னார். அண்ணன் கை சட்டைப் பைக்குப் போனது. அதற்குள் டாக்டர் தன் மேசையில் கிடந்த பால்பாயின்ட் பேனாவை நீட்டிவிட்டார். அண்ணன் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினார். தன் பெயரும் தெருப் பெயரும். முதல் எழுத்து பெரிதாக வந்தது. வரி முடிவதற்குள் எறும்பாகிவிட்டது. அந்தப் பேனாவில் நிப்பே கிடையாது. நானும் பாண்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நடுக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் கட்டுப்படும், போகாது. எழுத வேண்டுமென்றால் கோடு போட்ட தாளில், கோட்டைப் பார்த்துக்கொண்டே எழுதிப் பாருங்கள், எழுத்து அவ்வளவாகச் சுருங்காது என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். நான் ஏதோ ஆறுதல் சொல்லப்போனேன். அண்ணன் கையமர்த்தினார். "எனக்குத் தெரியும்ப்பா, நிப்பு இல்லன்னு. ராத்திரி புரண்டு படுக்க முடியல, அதுக்கு நிப்பு என்ன செய்யும்? ஆனா நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறப்ப, நிப்பாத்தான் இருக்கும் போலன்னு தோணும். அந்தக் கொஞ்ச நேரம் நல்லாருக்கும்."

பாண்டி வேகமாக நடந்துபோய் யாரும் கேட்காத டீயை வாங்கிக்கொண்டு வந்தான்.

பத்திரிகை அச்சாகி வந்தது. நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. என் எழுத்தை அவரும் பார்த்திருக்கிறார். பாண்டிதான் ஸ்கேலும் பென்சிலும் கொண்டுவந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு கவரிலும் நடுவில் மெலிதாக இரண்டு கோடு போட்டு அண்ணன் பக்கம் தள்ளினான். மாத்திரை வேலை செய்கிற பகல் பொழுதாகப் பார்த்து அண்ணன் எழுதினார். ஒரு பெயர், ஒரு மூச்சு, அடுத்த பெயர். சாத்தூர் நிப்புகளில் ஒன்று தேனாக அமைந்திருந்தது. அதை ஒரு பழைய பேனாவில் மாட்டியிருந்தார். நான் மையை ஒற்றி எடுத்தேன். நன்றாகக் காய்ந்ததும் மதினியும் ரேவதியும் பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார்கள்.

"அண்ணே, கோட்டத் தாண்டாதீங்க. பைன் போட்ருவேன்."

"போடுறா. மொய்யில கழிச்சுக்க."

கை நின்றுவிடும்போது பேனாவை மூடிவைத்துவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்பார். கடைசிக் கவர் வரைக்கும் அவரேதான் எழுதினார். தெருவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சாந்தாராம் எழுத்துன்னா சாந்தாராம் எழுத்துதான் என்று மண்டபத்தில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்கு வந்த கவரில் மட்டும் பென்சில் கோடு அழியாமல் இருந்தது. மறந்துவிட்டார்களா, இவனுக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டார்களா, நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். கடைசியாக நான் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து, சாத்தூர் நிப்பு மாட்டிய அந்தப் பேனாவை எடுத்து, மெதுவாக என் பக்கம் நீட்டினார். நான் வாங்கத் தயங்கினேன். எங்கள் மதத்தில் அது கிடையாதே.

"எழுதிப் பாரு. எப்பிடி ஓடுதுன்னு வந்து சொல்லு" என்றார். குரலைக் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழம வாரேண்ணே" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அவர் போய்விட்டார். பேனாவில் எழுதிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

நாங்கள் நின்று நின்று நிப்புப் பார்த்த டவுன்ஹால் ரோட்டுப் பேனாக் கடையில் இப்போது செல்போன் உறை தொங்குகிறது. அந்தக் கல்லூரியில் சான்றிதழ் முழுவதும், பெயர் உட்பட, இயந்திரத்திலிருந்து வருகிறது. ஒரு எழுத்துக்கூடச் சுருங்குவதில்லை. பாண்டி பால்பாயின்ட்டையும் விட்டுவிட்டான், கட்டைவிரலால் எழுதுகிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அன்று கோடு போட்டவன் அவன். இன்று அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோடு போட்டுத் தர நான் தயார்தான், எழுத ஆள் எங்கே?

பேனாவைத் துடைத்து, மை ஊற்றி, கேபிள்காரன் கொடுத்த சீட்டின் பின்பக்கம் ஒரு ஞ எழுதினேன். கிறுக்கியது. பேனாவை நிமிர்த்திப் பிடித்து எழுதினேன். மறுபடியும் கிறுக்கியது. இன்னும் கொஞ்சம் சின்னதாக எழுதினேன். பிறகு இன்னும் சின்னதாக, மெதுவாக, எறும்பு அளவுக்கு. அந்த அளவில் முள் சத்தமே இல்லாமல், எண்ணெயில் போவது போலப் போனது. கடைசி வருஷங்களில் அவர் எழுதிய அளவுக்குத்தான் அது தேய்ந்திருக்கிறது.

வந்து சொல்லச் சொன்னார். நல்லா ஓடுதுண்ணே, சின்னதா எழுதுனா நல்லா ஓடுது. இதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது. நான் இருக்கும் ஆனையூரிலிருந்து வில்லாபுரத்துக்கு இப்போதும் பஸ் இருக்கிறது.