மிஷினுக்குக் கொடுத்த மருந்து

டெய்லரக்கா இருபது வருஷமாக வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகியவள். நாலு ஊசியும் ஒரு ஊர்வம்பும் ஒரே நேரத்தில் அந்த வாயில் இருக்கும். பிரசவ விடுப்பு முடிந்து தங்கை கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பியபோது, ஐந்து மாதப் பெண் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். அன்றோடு ஊசிகள் வாயைவிட்டு இறங்கின. குழந்தை பார்த்துவிட்டு அப்படியே செய்யுமே என்கிற பயம்.

கத்தரிக்கோல் சுவரில் உயரமான ஆணிக்கு ஏறியது. கழிவறை கழுவுகிற ஆசிட் பரணுக்குப் போனது. எலி மருந்தை வீட்டைவிட்டே விரட்டினாள். சாயங்காலம் மிஷினை மூடியதும் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு தரை முழுக்கத் தவழ்ந்து ஊசி பொறுக்குவாள். குழந்தையும் பின்னாலேயே தவழும். ஊருக்கே அளவெடுத்தவளுக்கு அளவான மாப்பிள்ளை ஒருத்தன் அமையவில்லை என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டு திரிந்தவள், குழந்தை வந்த பிறகு அந்தக் கேலியையே மறந்துபோனாள்.

குழந்தைக்கு இரண்டே கால் வயதாகிவிட்டது. செய்கிற சேட்டைக்கு 'வாலு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரத்தம் குறைவாக இருக்கிறதென்று இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருந்தார்கள். அதைக் கொடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். உதட்டை இறுக்கிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, துப்பி, அலறித் தெருவைக் கூட்டிவிடுவாள்.

காலியான சொட்டு மருந்து பாட்டில் ஒன்றில்தான் அக்கா மிஷின் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தாள். மிஷினின் சின்னச் சின்னத் துளைகளுக்குள் நுழைய அந்த ரப்பர் மூக்குக் குழாயை மிஞ்சிய சாமான் கிடையாது. ஒருநாள் காலை எண்ணெய் விடும்போது குழந்தை வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"பாரு, மிஷின் எவ்ளோ சமத்தா மருந்து குடிக்குது. அடுத்தது யாரு?" என்றாள் அக்கா.

வாலு வாயைத் திறந்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் காலையில் முதலில் மிஷின், அப்புறம் வாலு, அப்புறம் இருவருக்கும் ஒரு முத்தம். எப்படிக்கா உன்கிட்ட மட்டும் குடிக்கிறாள் என்று தங்கை கேட்டபோது, அது தொழில் ரகசியம் என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் தங்கையாவது, என்னக்கா இது, என்று கேட்டிருப்பாள்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடக்க, மிஷின் இறுகிப்போய் சண்டித்தனம் செய்தது. பழைய எண்ணெய் பிசுக்காகிவிட்டால் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டிக் கழுவுவது தையல்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். அதே பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். எல்லாத் துளைகளிலும் விட்டாள், சக்கரத்தைச் சுற்றினாள். இன்னொரு தடவை விடவேண்டும் என்பதால் பாட்டிலை மூடாமல் மிஷின் பலகையிலேயே வைத்தாள். வாசலில் யாரோ கால்சட்டை நீளத்தைப் பற்றிக் கேட்க வந்தார்கள். போய்ப் பதில் சொன்னாள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

உள்ளே இருமல் கேட்டது. குழந்தை ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தது. சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்.

அக்கா குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு கத்தினாள். சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடிவீட்டுக்காரி, வாந்தி எடுக்க வை, எல்லாம் வெளியே வந்துவிடும் என்றாள். உப்புத் தண்ணீரைப் புகட்டி, தொண்டையில் விரலை விட்டார்கள். குழந்தை வாந்தி எடுத்தது. அதற்குப் பிறகு இருமல் நிற்கவே இல்லை. ஆட்டோவில் போகும்போதே உதடு கறுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எவ்வளவு குடித்தது, எதில் இருந்தது, எந்த உயரத்தில் இருந்தது. கடைசியில், "வாந்தி எடுக்க வச்சீங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினாள். வயிற்றில் கிடந்ததைவிட, வாந்தியோடு மூச்சுக்குழாய்க்குள் போனதுதான் நுரையீரலைக் கெடுத்திருக்கிறது, மண்ணெண்ணெய்க்கு ஒருபோதும் அப்படிச் செய்யக்கூடாது என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தங்கை கடை அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். மேலே இருந்ததை ஏறி எடுத்துவிட்டாள் என்று மட்டும் அக்கா சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை. பயந்தவர்கள் சொல்கிற உண்மை அப்படித்தான் பாதியில் நின்றுவிடும்.

ஆறாவது நாள், மூச்சுவிட வாய்வழியாகச் செருகியிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்தார்கள். குழந்தை கண்ணைச் சுழற்றி அக்காவைத் தேடிப் பிடித்தது. குரல் கம்மிப்போயிருந்தது.

"பெரிம்மா, மிஷின் குடிச்சுது. நானும் குடிச்சேன். நான் சமத்தா?"

"என்னக்கா சொல்றா இவ?" என்றாள் தங்கை.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெய், பாட்டில், யார் முதலில் குடிப்பது என்கிற விளையாட்டு, முத்தம், ஒன்றையும் விடவில்லை. தங்கை குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த போர்வையைத் திரும்பவும் சரிசெய்தாள்.

குழந்தை பிழைத்து வீடு வந்தது. ஓடினால் மூச்சு இழுக்கும். அது எப்போது சரியாகும் என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, தங்கை துணிமணி எடுத்துப்போக வந்தாள். அக்கா மடித்துக் கொடுத்தாள். மடிக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

"மிஷின வித்துடறேன்டி. இனிமே ஊசி நூல்கூட இந்த வீட்ல இருக்காது. அவள மட்டும் என்கிட்டயே விடு."

"நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றாள் தங்கை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஞாயித்துக்கிழம வா. நான் வீட்ல இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனாள். வாலு ஓடி வந்து, இருமி, மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணி, நாலுக்கு அடுத்து ஏழு என்றாள். இருவரும் சிரித்தார்கள். தேநீர் போட எழுந்த தங்கை சமையலறைக் கதவுவரை போனாள். அங்கே நின்று அவர்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வந்து எதிரே இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"டீ எல்லாம் வேணாம்டி. இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."