கண்ணாயி ஆஸ்பத்திரியில் சாமை மிதித்த கதை

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நான் பதினோரு வருஷமாக பிசியோதெரபிஸ்ட். படுத்துவிட்ட பிள்ளைகளை எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் கண்ணாயி.

கொல்லிமலை வாழவந்தி நாட்டுக்காரர். கணவர் செல்வம். இருவரும் மரவள்ளியும் சாமையும் போட்டு, மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி விவசாயம் பார்ப்பவர்கள். ஒரே மகள் தேன்மொழி. அவளுக்கு ஆறு வயதில் விடாத காய்ச்சல் வந்தது. காலெலும்பில் வலி என்று அழுதாள். அடிபடாத இடத்திலெல்லாம் தோல் நீலமாகக் கன்றியது. சேந்தமங்கலத்தில் ரத்தம் பார்த்தவர்கள் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டரை வருஷம், முதல் எட்டு மாதம் கடுமையாக இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது கண்ணாயி கேட்டது ஒன்றுதான்.

"நான் கூடவே இருக்கலாங்களா?"

செல்வம் காட்டைப் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போனார். கண்ணாயி மகளோடு வார்டிலேயே தங்கினார்.

கூடவே இருப்பதில் ஒரு கஷ்டம் இருந்தது. கை நரம்பில் ஊசி, முதுகுத்தண்டில் ஊசி என்று எது போட்டாலும், பிள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலை தாயுடையது. இரண்டு மாதத்தில் தேன்மொழி அம்மாவின் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். சோறு ஊட்டப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். "நீ போ. நீதான் என்னைய அமுக்கிப் புடிச்சுக்கற" என்பாள். கண்ணாயி தட்டைக் கையில் வைத்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் தேன்மொழியின் பாதங்கள் தளர்ந்தன. சில மருந்துகள் நரம்பைப் பாதிப்பதால் இப்படி ஆவதுண்டு. நின்றால் பாதத்தின் முன்பக்கம் தொங்கும், நடந்தால் விரல் தரையில் இடறும். டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். நான் காலுக்குத் தாங்கு பட்டை மாட்டி, பயிற்சிப் படங்கள் போட்ட அட்டை ஒன்றைக் கட்டிலில் தொங்கவிட்டேன். குதிங்காலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்க வேண்டும், வேளைக்குப் பத்து முறை. தேன்மொழி ஒருமுறைகூடச் செய்யவில்லை. பட்டையையும் கழற்றி எறிந்தாள்.

"நீங்க கொஞ்சம் கண்டிப்பா இருக்கணும்மா" என்று கண்ணாயியிடம் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அமுக்கிப் புடிக்கற வேலையெல்லாம் நாந்தானுங்க செய்யறேன் மேடம். இதையும் அப்புடிச் செஞ்சா எம்புள்ள என்கிட்டயே வராதுங்க."

நான் கீழே கிடந்த பட்டையை எடுத்துவைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மாலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது, கண்ணாயி தரையில் துவைத்த விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் தனியாக நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிடவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிலிலிருந்து தேன்மொழி எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்ற?"

"சாமை மிதிக்கறேன்."

"சாமை எங்க?"

"இந்தா, இம்புட்டுக் கெடக்குதே. உனக்குத் தெரியலியா?"

மலையில் அறுத்த சாமைக் கதிரைப் பாறையில் பரப்பி, காலால் மிதித்து மணி உதிர்ப்பார்கள். தேன்மொழியும் மிதித்தவள்தான். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து அம்மாவின் காலைப் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை.

"அப்புடி மிதிச்சா மணி உதுராது. அப்பா குதிங்காலை ஊணிக்கிட்டு முன்னங்காலாலதான் தள்ளும்."

"அப்புடியா சாமி? எனக்கு வரலியே. வந்து காட்டு."

"எனக்குக் கால் வராதும்மா."

"எங்காலு இருக்குதில்ல? ஏறி நின்னுக்க."

தேன்மொழி இறங்கி வந்தாள். அம்மாவின் பாதங்கள் மேல் தன் பாதங்களை வைத்து, இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாயி குதிங்காலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கினார். பிள்ளையின் பாதமும் சேர்ந்து எழும்பியது. தள்ளினார், மறுபடி தூக்கினார். "அங்க இன்னம் கதிர் கெடக்குதும்மா" என்று தேன்மொழி அதட்ட, அம்மா அந்தப் பக்கம் நகர்ந்தார். நான் வாசலிலேயே நின்று எண்ணினேன். நூற்றுக்கு மேல் எண்ண முடியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. அன்று பல நாளுக்குப் பிறகு தேன்மொழி அம்மா கையால் சாப்பிட்டாள். தொங்கவிட்ட அட்டையை நானே கழற்றிக்கொண்டேன்.

நடுவில் ரத்த அணுக்கள் குறைந்து காய்ச்சல் கண்டு, ஒன்பது நாள் தனி அறையில் வைத்தோம். பிள்ளைக்கு உட்காரவும் தெம்பில்லை. கண்ணாயி முகக்கவசத்தோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளை அவள் உள்ளங்கால்களில் பதித்து, மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். "மழை வருதும்மா, வெரசா மிதி" என்று கண்ணைத் திறக்காமலே தேன்மொழி முனகினாள். கண்ணாயி வேகத்தைக் கூட்டினார்.

அறையை விட்டு வந்ததும் பக்கத்துக் கட்டில் கோகிலவாணி அவரைப் பிடித்துக்கொண்டார். மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர். நான்கு வயது மகள் சுமித்ராவுக்கு அதே நோய், அதே தளர்ந்த பாதம்.

"ஏனுங்க, எம்புள்ளைக்கும் சொல்லிக்குடுங்க. ஆனா நாங்க சாமை போடறதில்லீங்க, கடலைதான்."

"அப்பறமென்னங்க, நீங்க கடலைக்கொடி புடுங்குங்க. காலை நல்லா ஊணாமக் கொடி வருங்களா?"

அதுதான் தொடக்கம். தினம் நாலு மணிக்கு வார்டின் நடுவில் விரிப்பு விழும். கோகிலவாணியும் சுமித்ராவும் கடலை பிடுங்குவார்கள். கணவர் லாரி ஓட்டும் ஒரு தாய், மகனை மடியில் வைத்துக்கொண்டு லாரி ஓட்டி மலை ஏறினார். பையன் அம்மாவின் கால்மேல் கால் வைத்து கிளட்ச் மிதித்தான். ஊசி போட்ட நாளில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகள்கூட நாலு மணிக்கு அம்மாவைத் தேடின. எந்தப் பிள்ளைக்கு எந்த நிலையில் எது ஆகாது என்று பார்த்துச் சொல்வது மட்டும் என் பொறுப்பானது.

ஒரு வருஷம் கழித்து நர்சிங் மாணவிகள் நாற்பது பேருக்கு இதைக் காட்டச் சொல்லிக் கண்ணாயியைக் கேட்டோம். முதலில் மறுத்தார். பிறகு, இஸ்திரி போட்ட சேலையில் வந்து நின்றார்.

"நான் அஞ்சாவது வரைக்குந்தானுங்க படிச்சேன். தப்பிருந்தா சொல்லுங்க" என்று ஆரம்பித்தார்.

ஒரு மாணவி எழுந்து, "குழந்தை வர மாட்டேன்னு அடம்பிடிச்சா என்ன செய்யறதுங்க?" என்று கேட்டாள்.

"கூப்புடாதீங்க கண்ணு. நீங்க பாட்டுக்கு ஆரம்பிங்க. தப்பா செய்யுங்க. திருத்தறதுக்குன்னாவது எந்திரிச்சு வரும்."

நாற்பது பேரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் டாக்டரும் எழுதினார். மாணவிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தேன்மொழி பக்கத்திலிருந்தவளின் கையைத் தட்டி, "அது எங்கம்மா" என்றாள்.

போன வருஷம் சிகிச்சை முடிந்தது. பரிசோதனைக்கு மட்டும் வருகிறார்கள். வரும் நாளில் கண்ணாயி நாலு மணி வரை இருந்து புதிதாக வந்த தாய்மார்களோடு விரிப்பில் இறங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

இந்தப் பிப்ரவரியில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்னை மலைக்கு அழைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண்களுக்கு ஐம்பது மீட்டர் ஓட்டம், ஆறு பேர். விசில் ஊதியதும் தேன்மொழி ஓடினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கண்ணாயியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடினார். "ஏனுங்க, அம்மாவெல்லாம் ஓடக் கூடாதுங்க" என்று வாத்தியார் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தார்கள். தேன்மொழி நாலாவது. கண்ணாயி மூச்சிரைக்க மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"நாலாவதுங்க! எம்புள்ள ஆறு பேருல நாலாவது!"