எட்டு போட்டால் மூன்றேகால்

கணினியில் திறந்து கிடப்பதையெல்லாம் மூடிவிட்டு, எழுந்துபோய் ரேடியோவையும் நிறுத்துவார் எதிர்வீட்டு எம்பிராய்டரி அக்கா. பெரிய டிசைன் திறக்கும்போது வீட்டில் யாரும் இருமக்கூடாது. "மூச்! அது யோசிக்குது."

ரேடியோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு பக்கம் பாட்டு ஓடினா உனக்குக் கணக்கு வருமா?" என்றார்.

கணினி பழையது. தையல் மெஷினோடு வந்த மென்பொருள் அந்தப் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். புதியதை ஏறெடுத்தும் பார்க்காது. பூ, பெயர், சட்டைப் பைக்குக் குட்டி யானை என்று இருந்தவரை தகராறில்லை. போன மாதம் சிறுவர் நாடகக் குழு மேடைத் திரைக்குத் திமிங்கலம் கேட்டது. அக்காவுக்கு வந்த முதல் பெரிய வேலை. சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும். காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்த படம் பாதி திறந்ததும், நினைவகம் போதவில்லை என்று கணினி கைவிரித்தது.

பஸ் ஓட்டும் கணவர் எட்டு ஜிபி மெமரி வாங்கிவந்து தானே பொருத்தினார். "எவ்ளோ காட்டுது?" என்றார் மிதப்பாக. அக்கா மூன்று விரலை நீட்டி, சுண்டுவிரலைக் கால்வாசி தூக்கினார்.

"மூணேகாலா! மீதி எங்க?"

மெக்கானிக் போனில் சொன்னார்: "அந்த சிஸ்டத்துக்கு நாலுக்கு மேல எண்ணத் தெரியாது சார். அதுலயும் முக்கால் ஜிபியை உள்பாகங்களுக்குன்னு எடுத்து வச்சுக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்படியே உங்களை மாதிரி. எட்டு சாமான் சொல்லி அனுப்பினா மூணேகால்தான் வீடு வந்து சேரும்."

"அதென்ன கால்?"

"நீங்க உடைச்சு எடுத்துட்டு வர்ற முட்டை."

சிரித்து முடித்ததும் கத்தரிக்கோலை எடுத்தார். காகிதத் திமிங்கலத்தைத் தலை, முதுகு, வயிறு, வால் என்று நான்காக வெட்டினார். ஒவ்வொன்றாக ஸ்கேன், ஒவ்வொன்றாகத் தையல். வயிறும் வாலும் சேருமிடத்தில் ஒரு விரற்கடை இடைவெளி விழுந்துவிட்டது. அங்கே குட்டி மீன் ஒன்றை நீந்தவிட்டார். "யாராவது கேட்டா, துணைக்கு வருதுன்னு சொல்லு."

சனிக்கிழமை. திரையைப் பார்த்ததும் முன்வரிசைக் குழந்தைகள், "மீனு! குட்டி மீனு!" என்று எழுந்து நின்று கத்தினார்கள். யூனிஃபார்மோடு ஓடிவந்த கணவர் கதவருகே நின்றபடியே, எப்படி என்று புருவத்தை உயர்த்தினார். அக்கா எல்லார் தலைக்கும் மேலே கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினார். பிறகு சுண்டுவிரலை மெல்ல, முழுசாக நிமிர்த்தினார்.