கட்டுப் பிரிக்கும் முன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வத்தல்மலையிலிருந்து நாங்கள் வாராவாரம் கட்டு மாற்றப் போகும் அக்காவின் மகள் போன் செய்தாள். "நாளைக்கு நீங்க வரக்கூடாதுன்னு ஊருல பேசிக்கிறாங்க. ஆனா அம்மா காலு வாடை அடிக்குதுங்க." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய். இடது காலில் ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. புண்ணைச் சுத்தமாக வைத்திருந்தால் பாதம் தப்பும் என்று தருமபுரியில் டாக்டர் சொல்லியிருந்தார். மற்ற நாட்களில் மகள் கட்டு மாற்றுவாள். சனிக்கிழமை எங்கள் சபையின் பாஸ்டரம்மாவும் நானும் போவோம். அவர் கல்யாணத்துக்கு முன் நர்ஸாக இருந்தவர். நான் லேப் டெக்னீஷியன். சர்க்கரை பார்ப்பதும் பையை அடுக்குவதும் என் பொறுப்பு. கையுறை மேலே, அப்புறம் சலைன், காஸ் துணி, டேப், கடைசியில் குப்பைக்கு ஒரு கவர்.

பாஸ்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டைப் பிரிக்கும் முன் அக்காவின் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிப்பார். பேச்சு கிளம்பியது அதில்தான். மதம் மாற்றுகிறார்கள், போலீஸில் எழுதிக் கொடுப்போம் என்றுகூடச் சிலர் சொன்னார்களாம்.

பஸ்ஸில் நான் கேட்டேன். "இந்த வாரம் ஜெபத்தை விட்டுடலாமுங்களாம்மா?"

"பயமா பாப்பா?"

"ஆமாங்க."

"எனக்குந்தான். ஆனா ஜெபிக்காம அந்தக் கட்டை நான் பிரிச்சதே இல்ல."

கொண்டை ஊசி வளைவுகள் முடிந்தன. பாஸ்டரம்மா பஸ்ஸிலேயே கண்ணை மூடிக்கொண்டு அக்காவுக்காக ஜெபித்தார்.

வீட்டு வாசலில் அக்காவின் கொழுந்தனார் குறுக்கே நின்றிருந்தார். "கட்டு மட்டும் கட்டுங்க. வேற ஒண்ணும் கூடாது. வார்த்தை குடுங்க."

பாஸ்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "சரி தம்பி. கட்டு மட்டும்."

கொழுந்தனாரும் காவலுக்கு உள்ளே வந்தார். அக்கா எப்போதும்போலக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"இன்னிக்கு அது இல்லைங்க அக்கா. வார்த்தை குடுத்துட்டேன்."

"யாருகிட்ட? அவங்கிட்டயா? காலு என்னுதுங்க."

"அண்ணி, சும்மா இருங்க."

"நீ சும்மா இரு. வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நிக்கறான் பாரு."

அவர் நகர்ந்து நின்றார். அப்போதும் வெளிச்சம் போதவில்லை. செல்போன் டார்ச்சை அவரிடமே பிடிக்கச் சொன்னேன். கட்டு பிரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் டார்ச் விலகவில்லை. அந்தப் புண்ணை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நடுவில் சதை நன்றாகச் சிவந்து ஆறிவந்தது. ஆனால் ஓரத்தில் புதிதாகக் கறுப்பு. சர்க்கரையும் ஏறியிருந்தது.

"காலு போயிடுங்களா?" என்று கொழுந்தனார் என்னைக் கேட்டார்.

பாஸ்டரம்மா கையை நிறுத்தாமல் சொன்னார். "திங்கக்கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தா காப்பாத்தலாம் தம்பி. தள்ளிப் போடாதீங்க."

ஜெபம் நடக்கவில்லை. ஆனால் கடைசி டேப்பை ஒட்டும்வரை அக்கா மூடிய கண்ணைத் திறக்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை கொழுந்தனாரே அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். கறுத்த பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும் என்றார்கள். அக்காவை உள்ளே கூப்பிடும்வரை நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பாஸ்டரம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். பாஸ்டரம்மா கொழுந்தனாரைப் பார்த்தார்.

அவர் கையில் பாதி குடித்த டீ இருந்தது. அதை பெஞ்சில் வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனார்.